கண்டி நீதிமன்றங்கள்: எந்த வழக்கு எந்த வாசலுக்கு?



பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதி என்று பல விஷயங்களை இந்தப் பக்கத்தில் பார்த்து வருகிறோம். இம்முறை நீதிமன்றம். "கோட்டுக் கச்சேரியெல்லாம் நமக்கு எதுக்குங்க" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நாம் தோட்டம் தோட்டமாகப் போகும்போது, லயத்து வாசலில் தகரப் பெட்டியைத் திறந்து எடுத்துக் காட்டப்படும் கடிதங்களில் பல, ஏதாவது ஒரு நீதிமன்றத்தில் இருந்து வந்தவை. இன்னும் பல, நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டியவை. காட்டுகிறவர்கள் பெரும்பாலும் நாள் கடந்த பிறகுதான் காட்டுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நம் ஆட்கள் நீதிமன்றத்தைக் கண்டு பயப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்தை விட்டுப் போன தொழிலாளியைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்தி மறியலுக்கு அனுப்பலாம். கடனைத் தீர்த்தால்தான் கையில் 'துண்டு' கிடைக்கும்; துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டத்தில் பேர் பதிய மாட்டார்கள். 1921இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆகவே நம் பாட்டன், பூட்டன் காலத்தில் நீதிமன்றம் என்பது துரை ஆள் பிடித்து அனுப்புகிற இடம். அந்தப் பயம் சட்டம் போன பிறகும் போகவில்லை. இன்று அதே நீதிமன்றத்துக்குத் தொழிலாளியும் துரையை அழைக்கலாம். ஆனால் அழைப்பதற்கு வழி தெரிய வேண்டும், நாள் தெரிய வேண்டும்.

எத்தனை வாசல்?

கண்டியில் நீதவான் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், மேல் நீதிமன்றம், தொழில் நியாய சபை எல்லாம் இருக்கின்றன. தலதா மாளிகைக்குப் பின்னால் பழைய மேல் நீதிமன்றம் இருந்த கட்டடம் 2011இல் சர்வதேச பௌத்த அரும்பொருட் காட்சிச்சாலையாகிவிட்டது. "மாளிகைக்குப் பக்கத்துக் கோடு" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு அங்கே போய் நிற்க வேண்டாம்.

கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தெனிய ஆகிய ஊர்களிலும் நீதவான் நீதிமன்றங்கள் உண்டு. உங்கள் தோட்டம் எந்த நீதிமன்றத்துக்குச் சேரும் என்பதை பஸ் ஓடுகிற பக்கத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. அது பொலிஸ் பிரிவை ஒட்டியது. பொலிஸ் நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். அழைப்பாணை வந்திருந்தால் அதிலேயே நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு இலக்கமும் தவணைத் திகதியும் இருக்கும். அந்த வழக்கு இலக்கத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். பெயரை விட அதுதான் முக்கியம். நம் ஆட்களுக்கு செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது இன்னொரு பெயர். நீதிமன்றத்தில் சிங்கள உச்சரிப்பில் பெயரைக் கூப்பிட்டால், வாசலில் நிற்கிற மனுஷனுக்குத் தன் பெயர் என்றே விளங்குவதில்லை. இலக்கம் கையில் இருந்தால் பதிவாளர் அலுவலகத்தில் காட்டிக் கேட்கலாம். எதிரியாக நிற்கிறவர் கூப்பிட்டபோது இல்லாவிட்டால் பிடியாணை பிறந்துவிடும். வாசலிலேயே நின்றேன் என்று பிறகு சொல்லிப் பயன் குறைவு.

நீதவான் நீதிமன்றம்

நமக்கு அதிகம் வேண்டியிருப்பது இதுதான். களவு, அடிதடி, கசிப்பு வழக்கு, பொலிஸ் பிடித்த எந்த வழக்கும் முதலில் இங்கேதான் வரும். பொலிஸ் ஒருவரைப் பிடித்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன்னால் கொண்டுவர வேண்டும். இது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம். பிறகு பிணையா, விளக்கமறியலா என்பது நீதவானின் தீர்மானம். 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே வழமை, மறுப்பதுதான் விதிவிலக்கு என்கிறது. சில குற்றங்களுக்கு மட்டும் வேறு சட்டம். சரீரப் பிணை என்றால் காசு கட்டுவது அல்ல. உங்களுக்காக ஆட்கள் கையொப்பம் வைப்பது. அந்த ஆட்கள் அடையாள அட்டையோடும் கிராம சேவகரிடம் வாங்கிய வதிவிடச் சான்றிதழோடும் வந்தால் வேலை சுலபம். வெறுங்கையோடு பத்துப் பேர் வந்து வாசலில் நிற்பதை விட இது மேல். "போகம்பறைக்கு அனுப்பிடுவாங்க" என்று இன்னும் சொல்கிறார்கள். போகம்பறைச் சிறைச்சாலை 2014இலேயே மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டார்கள்.

உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறோம். உயரமான ஆசனத்தில் நீதவான். அவருக்குக் கீழே பதிவாளரும், முதலியார் என்று அழைக்கப்படும் மொழிபெயர்ப்பாளரும், எழுதுகிறவர்களும் இருப்பார்கள். எதிரே மேசையைச் சுற்றிக் கறுப்புக் கோட்டுச் சட்டத்தரணிகள். வழக்கை நடத்துவது இங்கே பொலிசார். ஒரு பக்கம் எதிரிக் கூண்டு, இன்னொரு பக்கம் சாட்சிக் கூண்டு. நீதவான் வரும்போதும் போகும்போதும் எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். கைத்தொலைபேசியை நிறுத்திவிட வேண்டும். வெற்றிலையை வெளியிலேயே துப்பிவிட்டு வாருங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "ஐயா", "அம்மா" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். காலில் விழவோ கும்பிட்டு அழவோ தேவையில்லை.

இப்போது கவனமாக வாசியுங்கள். குற்றப்பத்திரம் வாசித்து முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "வெரதிகருத, நிவெரதிகருத?" முதலாவது குற்றவாளியா, இரண்டாவது குற்றவாளி இல்லையா என்று அர்த்தம். ஒரு 'நி'தான் வித்தியாசம். தமிழில் சொன்னாலும் குற்றவாளியா, சுற்றவாளியா என்பார்கள். அதிலும் முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? என்ன கேட்டாலும் தலையை ஆட்டுகிறார்கள். "ஆமாங்கய்யா" என்கிறார்கள். சண்டையை விலக்கப் போன இளந்தாரி ஒருவர் இப்படித் தலையை ஆட்டிவிட்டு, தண்டப்பணத்தைக் கட்டி, "சின்ன காசோட முடிஞ்சிருச்சு" என்று சந்தோஷமாக வீடு வந்தார். இரண்டு வருஷம் கழித்து வெளிநாட்டு வேலைக்காகப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டபோதுதான் அந்தத் தலையாட்டலின் விலை அவருக்குத் தெரிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதப்பட்டால் விசாரணையே கிடையாது, தீர்ப்பும் தண்டனையும்தான்.

செய்திருந்தால் ஒப்புக்கொள்வது வேறு விஷயம். விளங்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. கண்டிப் பக்கத்து நீதிமன்றங்களில் வழக்கு நடப்பது சிங்களத்தில். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, 1988இல் 16ஆவது திருத்தத்தோடு வந்தபடி, மிகத் தெளிவாக இருக்கிறது: மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம், நடப்பது விளங்காத ஒருவருக்கு அதைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும், அந்த ஏற்பாட்டை அரசாங்கமே செய்ய வேண்டும். நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. இது யாரும் போடுகிற பிச்சை அல்ல. ஆனால் நீங்கள் கேட்க வேண்டும். "எனக்குத் தமிழ்தான் விளங்கும், முதலியாரைக் கொண்டு சொல்லுங்கள்" என்று கையை உயர்த்திச் சொல்லுங்கள். தமிழில் சொல்லக் கூச்சமாக இருந்தால், "மட்ட சிங்ஹல தேரென்னே நே" என்று ஒரே வாக்கியம். அன்றைக்குத் தமிழ் முதலியார் இல்லையென்று வழக்கைத் தவணை போட்டால் போடட்டும். ஒரு நாள் பேர் போவதும் பஸ் காசு போவதும் கஷ்டம்தான், தெரியும். ஆனாலும் விளங்காத கேள்விக்குப் பதில் சொல்வதை விட அது நல்லது.

கடையில் சாமான் வாங்கவும் கூலிப்படையோடு பேசவும் நம்மில் பலருக்குச் சிங்களம் தாராளமாக வரும். அதை நம்பிச் சட்டத்தரணியின் குறுக்குக் கேள்விக்குச் சிங்களத்தில் பதில் சொல்லக் கூடாது. சந்தைச் சிங்களம் வேறு, சட்டச் சிங்களம் வேறு. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கும்போதும் இதே கதைதான். தமிழில் எழுதச் சொல்லுங்கள். முடியாதென்றால், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வையுங்கள்.

நீதவான் நீதிமன்றத்தில் குற்ற வழக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், தாய்மாரே. கணவன் கைவிட்டுப் போனால், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதச் செலவு கேட்பது இங்கேதான். அவருடைய சம்பளத்தில் இருந்தே பிடித்துக் கொடுக்கும்படி நீதவான் கட்டளையிடலாம். வீட்டில் அடி உதை தாங்க முடியாமல் இருந்தால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை. விசாரித்த பிறகு 12 மாதம் வரை. நீங்களே கேட்கலாம், உங்களுக்காகப் பொலிசாரும் கேட்கலாம். இது புருஷனை மறியலுக்கு அனுப்புகிற வழக்கு அல்ல. கையை ஓங்காதே, குடித்துவிட்டு வாசலுக்கு வராதே என்று நீதிமன்றம் எழுதிக் கொடுப்பது. அதை மீறினால்தான் தண்டனை.

மற்றவை

மாவட்ட நீதிமன்றம் காணி, விவாகரத்து, கொடுக்கல் வாங்கல், இறந்தவரின் சொத்து போன்ற வழக்குகளுக்கு. இங்கே சட்டத்தரணி இல்லாமல் போவது வீண். மேல் நீதிமன்றத்தில் கொலை போன்ற பெரிய குற்றங்கள் விசாரிக்கப்படும். வழக்கை நடத்துவது சட்டமா அதிபர் திணைக்களம். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு மாகாண மேல் நீதிமன்றங்கள் வந்தன. 1990ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கும் தொழில் நியாய சபைத் தீர்ப்புக்கும் எதிரான மேன்முறையீட்டைக் கண்டியிலேயே செய்யலாம். நீதவானின் தீர்ப்புக்கு எதிராக 14 நாளுக்குள் செய்ய வேண்டும்.

அதற்கு மேலே கொழும்பு புதுக்கடைதான். மேன்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அங்கே. பொலிசார் அடித்துத் துன்புறுத்தினால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், ஆணைக்குழு விசாரிக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குக் கண்டியில் அலுவலகம் உண்டு.

உயர் நீதிமன்றம் என்றால் எட்டாத உயரம் என்று எண்ண வேண்டாம். மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் வேலை பழக அவுஸ்திரேலியாவில் இருந்து வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர், 1937இல் தொழிலாளர் பக்கம் நின்று கூட்டங்களில் பேசினார். தேசாதிபதி அவரை நாடு கடத்தக் கட்டளையிட்டார். ஆட்கொணர்வு மனுவை விசாரித்த உயர் நீதிமன்றம், தேசாதிபதியின் கட்டளை சட்டப்படி செல்லாது என்று அவரை விடுவித்தது. அது வெள்ளைக்காரன் ஆட்சி, நீதியரசர்களும் அந்த அரசாங்கம் நியமித்தவர்கள். அப்படியிருந்தும் நடந்தது. நம் மலையில் தொடங்கிய வழக்கு என்பதால் சொல்லி வைத்தோம்.

தொழில் நியாய சபை

வேலை நிறுத்தப்பட்டவருக்கான வாசல் இது. லேபர் டிரிபியூனல் என்றால் பலருக்குப் புரியும். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1957இல் செய்த திருத்தத்தோடு உண்டானது. இங்கே நீதவான் இல்லை, தலைவர் என்று ஒருவர் இருப்பார். நீதிச்சேவை ஆணைக்குழுவே அவரை நியமிக்கிறது. எழுதிய சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்க்காமல், நியாயமும் ஒப்புரவும் எதுவோ அதைச் செய்ய வேண்டும் என்பது அவருக்குச் சட்டம் இட்ட கடமை. நீங்களே விண்ணப்பிக்கலாம், அங்கத்தவராக இருந்தால் உங்களுக்காகத் தொழிற்சங்கம் விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணி இல்லாமல் சங்கப் பிரதிநிதியே எழுந்து பேசலாம். வேலையை விட்டு நிறுத்தியதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டால், ஏன் நிறுத்தியது என்பதை முதலில் நிர்வாகம்தான் நிரூபிக்க வேண்டும். நியாயம் இல்லை என்று கண்டால், திரும்ப வேலை, பின்சம்பளம், அல்லது நட்டஈடு.

இத்தனையும் இருந்து நம் ஆட்கள் ஏன் தோற்கிறார்கள்? ஒரே காரணத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். வேலை நிறுத்தப்பட்ட நாளில் இருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டம். கொழுந்து நிறுவையில் கங்காணியோடு வாய்த்தர்க்கப்பட்ட ஓர் அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். தலைவரிடம் சொன்னார். தலைவர் மாவட்டக் காரியாலயத்தில் சொன்னார். துரையோடு ஒரு பேச்சு, பிறகு இன்னொரு பேச்சு. "அடுத்த மாசம் பேர் போட்டுருவாங்க அக்கா" என்று ஆளுக்கு ஆள் ஆறுதல். தீபாவளி போனது, பொங்கல் போனது. ஏழாவது மாதம் நம்மிடம் வந்தார். பதினெட்டு வருஷச் சேவை, நல்ல வழக்கு, ஆனால் வாசல் மூடிவிட்டது.

இதில் வருத்தமான விஷயம், பேச்சுவார்த்தையையும் விடத் தேவையில்லை, விண்ணப்பத்தையும் விடத் தேவையில்லை. சங்கம் நிர்வாகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால், அந்தப் பேச்சு முடியும்வரை நியாய சபை விசாரணையை நிறுத்தி வைக்கும். சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆகவே முதலில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். தலைவர்மாருக்கும் இதைத் தாழ்மையாகச் சொல்கிறோம். கோட்டுக்குப் போனால் துரை கோபிப்பார், பேச்சு கெட்டுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். விண்ணப்பம் உள்ளே இருக்கும்போதுதான் பேச்சுக்கு மரியாதை என்பது நம் அனுபவம்.

தீர்ப்பு தொழிலாளி பக்கம் வந்து நிர்வாகம் மேன்முறையீடு செய்ய விரும்பினால், கொடுக்கச் சொன்ன காசுக்குச் சமமான தொகையை முதலில் பிணையாக வைப்பிலிட வேண்டும். வெறுமனே இழுத்தடிக்க முடியாதபடி வைத்த ஏற்பாடு இது.

சர்வீஸ் காசு

சர்வீஸ் காசு, சேமலாப நிதி பாக்கி ஆகியவற்றுக்கும் பலர் நியாய சபையைத் தேடிப் போகிறார்கள். அதற்கு முதல் வாசல் தொழில் திணைக்கள அலுவலகம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் 5 வருஷச் சேவை முடித்தவருக்கு, நாட்சம்பளம் என்றால் வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். முப்பது வருஷம் கொழுந்து பறித்த தாய்க்கு 420 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில். வேலை விட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேரும். நிர்வாகம் கொடுக்காவிட்டால், தொழில் ஆணையாளர் சான்றிதழ் எழுதி நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். அங்கே அது தண்டப்பணத்தைப் போலவே அறவிடப்படும். அதாவது, அந்தக் கூண்டுப் பக்கம் நிற்க வேண்டியது நீங்கள் அல்ல. சேமலாப நிதிப் பாக்கிக்கும் இதே வழி.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது, கண்டியிலும் அதன் நிலையம் உண்டு. சம்பளச் சீட்டைக் கொண்டு போனால் வருமானத்தைப் பார்ப்பார்கள். பராமரிப்பு வழக்குகளுக்கு அவர்களிடம் போவது நல்லது. பஸ் நிலையத்திலும் நீதிமன்ற வாசலிலும் "நான் முடிச்சுத் தாரேன்" என்று கையைப் பிடிக்கும் தரகர்களிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுத்தாலும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள்.

வீட்டில் ஒரு பழைய கொப்பியை இதற்கென்று வையுங்கள். வேலை நிறுத்தப்பட்ட திகதி, கடிதம் கிடைத்த திகதி, யாரிடம் எப்போது சொன்னோம், அடுத்த தவணை எப்போது என்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். சம்பளச் சீட்டுகளை அடுப்பு மூட்ட எடுக்க வேண்டாம். சிங்களத்தில் வந்த எந்தக் கடிதத்தையும் வாசித்துச் சொல்ல நாம் தயார். நாம் டிவிசனுக்கு வருகிற நாளில் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் சந்திக்கலாம். அதுவரை காத்திருக்க முடியாத கடிதம் என்றால் ஆளனுப்புங்கள்.

நீதிமன்றத்துக்குப் போகாமலே லயத்துச் சண்டையையும் சிறு கடன் பிணக்கையும் தீர்க்க மத்தியஸ்த சபை ஒன்றிருக்கிறது. அது 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. அதைப் பற்றி அடுத்த இதழில் எழுதுவோம்.